ஜெஸ்டின் கராஜுக்கு மட்டும் கரண்டா?

சேசு மரி சூசை துணை

மேல்கணக்கு,
கல்லுமலைத் தோட்டம்,
தெமோதரை.
ஒக்டோபர் 19, ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

என் மதிப்புக்கும், போன மாதம் வரைக்கும் என் நம்பிக்கைக்கும் உரிய பெரிய மச்சான் சூசைநாதன் அவர்களுக்கு,

உங்கள் மூத்த தங்கச்சி செபஸ்தியம்மாவைக் கட்டி இருபத்தாறு வருசமாகியும் ஒரு தடவைகூட உங்களிடம் முறையிடாத தேவதாசன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், செபஸ்தி, மகள் ஜெசீகா மூன்று பேரும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை, அதன் கதை கீழே வரும். வத்தளையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும். சிவப்பு மையில் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். வீட்டில் கைக்கு அகப்பட்டது மகள் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற பேனா ஒன்றுதான். இத்துடன் மரியாதை முடிந்தது மச்சான். இனி நியாயம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? எங்கள் வீடும் உங்கள் சின்னத் தங்கச்சி ரீத்தாவின் வீடும் ஒட்டு வீடு, நடுவில் ஒரே சுவர். நான் இங்கே தும்மினால் அங்கேயிருந்து அவள் புருசன் ஜெஸ்டின் "நூறாயுசுண்ணே!" என்கிறான். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் நீங்கள் அதைக் குடும்பக் குரூப்பில் தட்டிவிடுவீர்கள். ஈஸ்டருக்கு ரீத்தா சுட்ட பலகாரத்தை வைத்து ஆணி அடிக்கலாம் என்று நான் சொன்னது அப்படித்தான் ஊரெல்லாம் போனது, அவள் இரண்டு மாதம் எனக்கு ரசம்கூடத் தரவில்லை. ஆகையால் கடிதம். நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடைக்குப் பின்னால் போனவன், எழுத்து வளைந்து நெளிந்து வரும், பொறுத்துப் படியுங்கள்.

விசயம் இந்தக் கரண்ட் ஸ்கூட்டரில் தொடங்குகிறது. ஜெசீகாவுக்கு ஹாலிஎல பக்கம் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் வேலை கிடைத்ததும், பெட்ரோல் வேண்டாம், கரண்டிலேயே ஓடும் என்று ஒரு ஸ்கூட்டர் எடுத்தாள் அல்லவா, அதுதான். அழகான வண்டி, சத்தமே இல்லை, பின்னால் வந்து நின்றால் பேய் வந்து நின்ற மாதிரி இருக்கும். ஆனால் கைக்குழந்தை போல, சாயங்காலம் வந்ததும் அதற்கு ஊட்ட வேண்டும், நாலு மணி நேரம் குடிக்கும். எங்கள் வீடுகள் மேட்டில், கராஜ் இரண்டும் கீழே ரோட்டு ஓரத்தில். நானும் ஜெஸ்டினும் சேர்ந்து கட்டியது, ஒரே தகரக் கூரை, நடுவில் ஒரு கல் சுவர், இந்தப் பக்கம் என் விறகு, அந்தப் பக்கம் அவன் மோட்டார் சைக்கிள். இரண்டிலும் கரண்ட் இல்லை. நான் முதலில் ஜன்னல் வழியாக ஒரு நீள வயரைக் கீழே தொங்கவிட்டேன். நல்லாத்தான் வேலை செய்தது. நாலாம் நாள் பார்த்தால் உங்கள் மூத்த தங்கச்சி அதில் என் சாரத்தையும் போர்வையையும் காயப்போட்டிருக்கிறாள். "ஏன்டி இப்படி?" என்று கத்தினால், "கரண்ட் ஓடுற கயிறுதானே, சூட்டுல வெரசா காயும்னு போட்டேன்" என்கிறாள். மச்சான், இவளைத்தான் நீங்கள் கெட்டிக்காரி என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தீர்கள். ஜெசீகா வயரைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, "மண்ணுக்குள்ள பைப் போட்டு, அதுக்குள்ளாற வயர் கொண்டு போகணும்பா, இல்லாட்டி வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, கொழும்புக்குத் தேயிலை கொண்டுபோய்த் திரும்பிய தோட்டத்து லொறியில் பைப் வந்து இறங்கியது. நாலு பத்தடிப் பைப், ஒரு சுருள் தடித்த வயர், ஒரு ட்ரிப் சுவிட்ச், சிவப்பு ரிப்பன் ஒரு உருளை. வத்தளையில் கரண்ட் வேலை செய்கிற பெரிய மச்சான் அனுப்பியது என்றதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேட்காமலே கொடுக்கிற கை என்று உங்களைப் பற்றி லொறி டிரைவர் இன்ஸாபிடம் பத்து நிமிசம் பெருமை பேசி, நாலு பைப்பையும் தோளில் தூக்கி, மேட்டுப் படி முப்பத்தெட்டும் ஏறி, என் வாசலில் சாத்திவைத்து மூச்சு வாங்கும்போது இன்ஸாப் பின்னாலேயே ஓடி வருகிறான். "தேவதாசன் அண்ணே, சீட்டுல வேற பேர் இருக்கு. ஜெஸ்டின்னு போட்டிருக்கு." தூக்கி வந்த அதே தோளில் அந்தப் பைப்பை நானே பக்கத்து வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தேன் மச்சான். ரீத்தா கதவைத் திறந்து, "அத்தானே தூக்கிட்டு வந்துட்டீங்களா, எவ்வளவு நல்ல மனசு!" என்றாள். எனக்கு நல்ல மனசு இல்லை என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு தங்கச்சியில் மூத்தவள் புருசனை விட்டுவிட்டு இளையவள் புருசனுக்கு அனுப்பியது என்ன கணக்கு? நான் என்ன, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்த ஆளா?

ஜெஸ்டின் பதுளை–பண்டாரவளை பஸ்ஸில் கொண்டக்டர். மண்வெட்டிக்கும் அவனுக்கும் என்ன உறவு? போனைச் சுவரில் சாத்தி வைத்து, அதில் எவனோ ஒருத்தன் குழி வெட்டுவதைப் பார்த்துப் பார்த்து இவனும் வெட்டினான். வீட்டிலிருந்து கராஜுக்கு நேராகக் கீழே, நூல் பிடித்த மாதிரி, முப்பதடி நீளம், இரண்டடி ஆழம். அடியில் மணல், மணலுக்கு மேல் பைப், பைப்புக்கு மேல் மண், மண்ணுக்கு நடுவில் 'இங்கே கரண்ட் இருக்கு' என்று பின்னால் வெட்டுகிறவனுக்குத் தெரிய அந்தச் சிவப்பு ரிப்பன். ஒரே நாளில் மூடிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாமியாரைக் கூட்டிவந்து கராஜை மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, எல்லாருக்கும் கேக் கொடுத்தான். கராஜுக்குக் கேக் வெட்டினவனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன், வயிற்றெரிச்சலில் அது செமிக்கவில்லை.

இதுவரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடுத்த நாளிலிருந்து நடப்பது. ஜெசீகா நாலு மணிக்கு வருகிறாள், ஜெஸ்டின் கராஜில் வண்டியைச் சொருகுகிறாள், வண்டி குடித்து முடிகிற வரைக்கும் ரீத்தாவின் குசினியில் உட்கார்ந்துவிடுகிறாள். அவர்களுக்கு ஆண்டவர் பிள்ளை கொடுக்கவில்லை, எனக்கும் அது மனவருத்தம்தான். சின்னதிலிருந்தே என் பிள்ளையை அவர்களுக்குப் பாதி கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பாதி என்றால் பாதி. இப்போது நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை அங்கே, எட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கொப்பி திருத்திவிட்டுத் தூக்கம். அப்போ எனக்குக் கிடைப்பது அவளுடைய கொட்டாவி மட்டும். அங்கே ரொட்டி சுடுகிற மணம், கட்டச் சம்பல் இடிக்கிற சத்தம், ஜெஸ்டின் பஸ்ஸில் நடந்த கதையெல்லாம் சொல்லச் சொல்ல அவள் சிரிக்கிற சிரிப்பு. மச்சான், என் மகள் சிரிப்பதை நான் சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன். செபஸ்தி பார்த்துவிட்டு, "என்னங்க, செவுத்துல மூட்டப்பூச்சி இருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் சுவர் முழுக்க மண்ணெண்ணெய் பூசிவிட்டாள். இப்போது காதிலும் மண்ணெண்ணெய்.

ஆகையால் நானும் இறங்கினேன். பதுளை ஹாஷிம் கடையில் மூன்று பைப் வாங்கினேன். முப்பதடிக்கு மூன்று, கணக்கு சரிதானே? அதன் பிறகு மண்வெட்டியையும் அலவாங்கையும் எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க வெட்டுகிற கான், அதில் இந்தத் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்தொரு வருசம். பதினோராம் நம்பர் மலையில் நான் வெட்டிய கானைத்தான் கணக்கப்பிள்ளை புதுத் தொரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கானுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, மலையில் நேராகக் கீழே வெட்டக்கூடாது. வெட்டினால் தண்ணீர் குதித்து ஓடி மண்ணைக் கழுவிவிடும், அன்றைக்கு வேலைக்குப் பேர் விழாது, சம்பளம் கிடையாது. ஜெஸ்டின் வெட்டியதற்கு அரைப்பேர்கூட விழாது. கான் மலையின் இடுப்பைச் சுற்றி, சரிவு தெரியாமல், அசைந்து அசைந்து, கல்யாணப் பொண்ணு மாதிரி இறங்கி வர வேண்டும். பத்தடிக்கு ஒரு குழி, மண் வந்து தங்குவதற்கு. அந்தச் சட்டப்படி வெட்டினேன். பகல் பெரட்டு வேலை முடிந்து, மேல்வரும்படிக்குச் செய்கிற கொந்தரப்பும் முடிந்து, ஆறு நாள் சாயங்காலம். வாசலில் தொடங்கி, பலா மரத்தைச் சுற்றி, ரீத்தாவின் மரவள்ளிப் பாத்திக்குக் கீழே வளைந்து, திரும்ப வந்து, மறுபடி ஒரு வளைவு. ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன், எனக்கே கண் கலங்கியது, அப்படி ஒரு கான். கராஜ் வாசலுக்கு வந்து சேரும்போது முப்பதடி தொண்ணூறடி ஆகியிருந்தது. கையில் மூன்று பைப்.

ஜெஸ்டின் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து பார்த்தான். ஒரு சுற்று நடந்து பார்த்தான். "அண்ணே, இது கரண்ட்டுக்கு வெட்டினதா, தேயிலைக்கு வெட்டினதா?"

"மலைக்கு வெட்டினது. ஒனக்கென்ன தெரியும்? நீ விசில் அடிக்கப் பொறந்தவன்."

"இல்லண்ணே, இத்தன வளைவுல வயர் எப்படிண்ணே போகும்? பாம்புக்குட்டிய வாங்கி, வாலுல கட்டித்தான் விடணும்."

"விடுவேன்டா. பாம்பு ஒங்க வீட்டுப் பக்கமா வந்தா சோறு போடு."

"சரிண்ணே, கோவப்படாதீங்க. நான் என்ன சொல்றேன்னா, அந்த நடுச் செவுத்துல..."

"ஒன் செவுரும் வேணாம், ஒன் கரண்ட்டும் வேணாம். போய்ச் சில்லறைய எண்ணு" என்று அனுப்பிவிட்டேன். கராஜ் பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்று பைப்பையும் ஒட்டி வைத்தேன். மேல் முனை வாயைத் திறந்தபடி கானுக்கு நடுவில் நின்றது. மிச்சம் ஆறு பைப் வந்ததும் மூடலாம் என்று விட்டேன். நீங்கள் தெரிந்தவர், அங்கேயே "ஐயையோ" என்றிருப்பீர்கள். என்னிடம் சொல்ல ஆள் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மழை. ஒக்டோபர் மழை எப்படி என்று பதுளையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கொட்டியது. நான் வெட்டிய கான், மச்சான், நான் வெட்டிய கான் அல்லவா, ஒரு சொட்டைக்கூட வீணாக்கவில்லை. இத்தனை வருசமாக மேட்டிலிருந்து இறங்கி, ஜெஸ்டின் கராஜுக்குள் போய் அவன் மோட்டார் சைக்கிளின் காலை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீரையெல்லாம் மறித்துக் கூட்டிக்கொண்டு, வளைவு வளைவாக அழைத்துவந்து, என் கராஜ் வாசலில் இறக்கிவிட்டது. அது மட்டுமா? திறந்திருந்த பைப் வாய்க்குள்ளும் புகுந்து, சுவரில் பிளக் பொயின்ட் வரவேண்டிய இடத்தில் நான் விட்டிருந்த ஓட்டை வழியாகக் குழாய் திறந்த மாதிரி பீச்சியது. விறகெல்லாம் மிதக்கிறது. அடைக்கிடந்த கோழி ஒரு கட்டையின் மேல் முட்டையோடு உட்கார்ந்து கொழும்புக்குக் கப்பல் ஏறினமாதிரி சுற்றி வருகிறது. செபஸ்தி ஓடி வந்தாள், பார்த்தாள், போய் வாளி எடுத்து வந்து ஓட்டைக்குக் கீழே வைத்தாள். "நல்ல தண்ணியா இருக்கு, துணி தொவைக்கலாம்" என்றாள். ஜெஸ்டினுக்குச் சாமியார் தெளித்தது நாலு சொட்டு. எனக்கு மலையே வந்து தெளித்துவிட்டுப் போனது.

அவன் அன்றைக்கு லீவு. குடையோடு வந்து தன் கராஜைத் திறந்து பார்க்கிறான், உள்ளே காய்ந்த தரை, தூசிகூட நனையவில்லை. என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, பதினோரு வருசத்துல மொதத் தடவையா என் கராஜ் காஞ்சு கெடக்கு. இந்த ஒதவிய மறக்க மாட்டேன்." கிண்டல் பண்ணினாலும் திட்டலாம். அவன் மெய்யாகவே சொன்னான், மச்சான். கண்ணில் தண்ணீர். அதுவும் என் கராஜுக்குள்தான் வந்து விழுந்தது. பிறகு அந்தச் சுவரைத் தட்டிக்காட்டி, "அண்ணே, இப்பவாச்சும் கேளுங்க, இந்த நடுச் செவுத்துல..." என்று மறுபடி ஆரம்பித்தான். நான் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஜெசீகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கானைப் பார்த்தாள், பைப்பைப் பார்த்தாள், என் கையிலிருந்த கோழியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு, வண்டியை அந்தப் பக்கக் கராஜில் விட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்குள் ஓடினாள். பொத்தின கையை எடுத்த சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அப்பனைப் பார்த்துச் சிரிக்கவும் அங்கே போகிறாள் மச்சான்!

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆறு பைப் அனுப்புங்கள் என்று கேட்கவில்லை, அனுப்பினால் சீட்டில் பேரைப் பெரிதாக எழுதுங்கள். நான் கேட்பது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடரட்ட ரயிலில் ஏறி நீங்களே நேரில் வர வேண்டும். வந்து ஜெஸ்டின் போட்டதைப் பார்க்க வேண்டும். பார்த்ததும், எல்லாக் கரண்ட்காரரும் இன்னொருத்தன் செய்த வேலையைப் பார்த்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு "ம்ச்" என்று ஒரு சத்தம் போடுவீர்களே, அதைப் போட வேண்டும். பிறகு தலையை ஆட்டி, "யார் இத செஞ்சது?" என்று கேட்க வேண்டும். அது போதும். அவனைத் திட்ட வேண்டாம், பைப்பைத் தோண்ட வேண்டாம். பிள்ளை பயந்து ஒரு கிழமைக்கு அந்தப் பிளக்கைத் தொடாமல் இருந்தால் போதும். அந்த ஒரு கிழமைக்குள் நான் எப்படியாவது என் கராஜுக்குக் கரண்ட் கொண்டு வந்துவிடுவேன். நாலு மணிக்கு அவள் இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும், நான் தேத்தண்ணியை நீட்ட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீரையும் சொல்லுங்கள். உங்கள் சுகர் வருத்தத்துக்கு மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறேன், அதையும் நியாயம் சொல்லும்போது மனதில் வைக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த தங்கச்சியின் புருசன் (மூத்த தங்கச்சியின் என்பதைக் கவனிக்கவும்),
தே. தேவதாசன்

பி.கு.: திங்கட்கிழமை சாயங்காலம். உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்திருக்கிறேன், கிழிந்திருப்பது அதனால்தான். நேற்று நான் உறையை ஒட்டுமுன்பே கடிதத்தை மகள் படித்துவிட்டாள். தன்னுடைய சிவப்புப் பேனாவைத் தேடி வந்தவள் கண்ணில் பட்டுவிட்டது. மூன்று இடத்தில் அடிக்கோடு இழுத்து, பக்கத்தில் 'பிழை' என்று எழுதியிருக்கிறாள், நீங்களே பார்க்கலாம். நேற்றுச் சாயங்காலம் நான் ஒட்டி முடித்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, சித்தப்பாகிட்ட பைப் போடச் சொன்னதே நான்தான். மாமாவுக்குப் போன் பண்ணி, சித்தப்பா பேருல அனுப்பச் சொன்னதும் நான்தான்."

"ஏன்டி, ஒனக்கு அப்பன் நான் இல்லையா?"

"ஒங்ககிட்ட சொன்னா நீங்க வெட்ட ஆரம்பிச்சிருவீங்க. தெனமும் முதுகுக்கு எண்ணெ தேச்சுக்கிட்டுப் படுக்கிற ஆளு. வெட்டக்கூடாதுன்னுதான் அங்க போட்டேன். கடைசில தொண்ணூறு அடி வெட்டி வச்சிருக்கீங்க!"

அதாவது நீங்களும் இந்தக் கூட்டில் இருந்திருக்கிறீர்கள். அதை நான் மன்னித்துவிட்டேன்.

அவள் சுவரைத் தட்டி ஜெஸ்டினைக் கூப்பிட்டாள். துளை போடுகிற மெசினோடு அவன் வந்தான். நடுச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, நீங்கள் அனுப்பியதில் மிஞ்சிய பைப்பிலிருந்து அரை அடி வெட்டிச் சொருகி, அதற்குள் வயரைத் தள்ளினான். இந்தப் பக்கம் என் கராஜில் ஒரு பிளக் பொயின்ட் வந்துவிட்டது. பத்து நிமிசம். இரண்டு தடவை அவன் சொல்ல வந்தது இதைத்தான். வேண்டியது அரை அடி, நான் வெட்டியது தொண்ணூறு.

ஆகவே பைப் அனுப்ப வேண்டாம். நேரில் வந்து "ம்ச்" சொல்லவும் வேண்டாம், சும்மா வாருங்கள். கானை மூடவில்லை, ஜெஸ்டின் கராஜ் காய்ந்து கிடக்க வேண்டுமே. கடைசி வளைவை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன், கோழியும் மறுபடி அடையில். இன்றைக்கு நாலு மணிக்கு ஜெசீகா வண்டியை நம் கராஜில் சொருகிவிட்டு நம் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள், இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினாள். ஜெஸ்டினும் ரீத்தாவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வரட்டும், அவன் வந்தால்தான் அவள் அப்படிச் சிரிக்கிறாள். ஆனால் அவன் கோப்பைக்குச் சீனி போடாதே என்று செபஸ்திக்குக் கண்ணைக் காட்டிவிட்டேன்.